காலி வண்டி முதலில்

நான்காவது தடவைதான் பெட்டி கண்ணைத் திறந்தது.

முதல் மூன்று தடவையும் ஒரே கதை. பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வரும், உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் 'டக்... டக்... டக்' என்று கிழவி நாக்கைச் சொடுக்குவது போலச் சொடுக்கும். அவ்வளவுதான், அப்படியே நின்றுவிடும். அணைத்துவிட்டு, ஒரு பீடி பிடிக்கும் நேரம் பொறுத்து, மறுபடி போட வேண்டும்.

"வயசாயிடுச்சுன்னு எனக்கும்தான் தெரியுது. தினம் தினம் காட்டிக்கினே இருக்கணுமா?" என்று பெட்டியைக் கேட்டார் தனக்கோடி. அந்த அறையில் கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, இரும்பு, சிமென்ட் கிடங்குகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த எடை மேடை. ஒரு லாரி முழுசாக ஏறி நிற்கிற நீளத்துக்கு இரும்புத் தகடு, பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை, அறைக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டர். அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இன்னொரு அறை, அதில்தான் தனக்கோடி படுப்பது, சமைப்பது எல்லாம். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும். தனக்கோடி வண்டி நம்பரை அடித்து எடையைப் பதிவார். அது கிடங்குக்குப் போய் கம்பியோ பழைய இரும்போ ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி ஏறும். லோடோடு இருக்கும் எடையில் காலி எடையைக் கழித்தால் நிகர எடை. சீட்டு கிழித்துக் கொடுத்தால் வண்டி போய்விடும்.

"காலி முதல்ல, லோடு அப்புறம்!" ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும். புது டிரைவர் யாராவது முதலிலேயே லோடோடு வந்து மேடையில் ஏறினால் ஜன்னல் வழியாகக் கையை வீசி இறக்கிவிடுவார். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் அப்படி. முதலில் வருவது காலி, இரண்டாவது வருவது லோடு. மாற்றிக் கொடுத்தால் மைனஸ் போட்டுக் காட்டி மானத்தை வாங்கிவிடும்.

இந்த மேடைக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் இதே கிடங்குகளில் லோடுமேன் வேலை. சிமென்ட் மூட்டை ஒருநாள் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது. எழுந்து நடக்க ஆறு மாதம் ஆனது. அப்போது மேடையின் முதலாளியாக இருந்தவர், இப்போதைய முதலாளி மோகன்ராஜின் அப்பா. அவர்தான், "தூக்கத்தான் முடியாது, உக்காரக் கூடவா முடியாது?" என்று கூட்டி வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்ல தனக்கோடிக்கு வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. எண் தெரியும். எழுத்தை வண்டிகளிடம்தான் கற்றுக்கொண்டார். நம்பர் பிளேட்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்து, கீபோர்டில் அதே மாதிரி எங்கே இருக்கிறது என்று தேடி அமுக்குவார். நாற்பது வயதில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. தமிழ் எழுத்து அதற்கும் பின்னால், லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்தது. எழுத்துப் பழகின வேகத்தில் அவர் நம்பர் பிளேட்டைப் பார்க்காமல் தானாக அடித்த முதல் வார்த்தை, நாலு இங்கிலீஷ் எழுத்து, ஹேமா.

ஹேமாவதி அவர் மனைவி. செத்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது.

அந்த முதல் வருஷ ஆயுத பூஜை அன்றைக்கு மேடைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெட்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் முடிந்த பிறகு, ஹேமாவதிதான் சொன்னாள்: "ஊர்ல கீற வண்டியெல்லாம் எடை போடற. என்னைப் போடேன் பாக்கலாம்."

"நீ வண்டியா?"

"நான் லோடு. நீதான் வண்டி. காலி வண்டி."

ஜன்னல் வழியாகக் கீபோர்டை வெளியே இழுத்தார். ஒயர் மேடை ஓரம் வரைக்கும் எட்டியது. வண்டி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஹேமா என்று அடித்தார். முதலில் அவர் மட்டும் ஏறி நின்று என்டர் அமுக்கினார். காலி, அறுபது. பிறகு அவளும் ஏறி ஒட்டி நின்றாள். லோடு, நூற்றுப் பத்து. நிகர எடை ஐம்பது. பத்து பத்தாகத்தான் அந்த மேடைக்கு எண்ணத் தெரியும். நாற்பது டன் தாங்குகிற இரும்புக்கு மனுஷனுடைய நாலு கிலோ ஐந்து கிலோ கண்ணில் படாது.

"பாத்தியா, நான் ஏறினாத்தான் உனக்கு மூணு நம்பரு" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு சீட்டு. மொத்தம் பதினைந்து. நாலாவது வருஷம் திருஷ்டிப் பூசணிக்காயை இறக்கி வைக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறிவிட்டாள், அந்த ஒரு வருஷம் மட்டும் நிகர எடை அறுபது. காகிதச் சீட்டெல்லாம் அப்போது குடியிருந்த முடிச்சூர் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெருவெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. "பெட்டிலதான் கீதே, பேப்பரு எதுக்கு?" என்று அவள்தான் தேற்றினாள். அதற்கப்புறம் அச்சடிக்கவே இல்லை.

ஆக, பெட்டியில் மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. அன்றைக்கு தனக்கோடி தேடும் இடத்தில் நாலு எழுத்தை அடித்து என்டர் தட்டுவார். பதினைந்து வரி வரும். மேலிருந்து கீழே படிப்பார். படித்து முடித்ததும் உலை வைக்கப் போவார். யாரிடமும் இதைச் சொன்னது கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பாவம் என்பார்கள். இரண்டுமே அவருக்கு வேண்டாம்.

அந்தப் பெட்டிதான் இப்போது நாக்கைச் சொடுக்குகிறது.

*

வெள்ளிக்கிழமை மோகன்ராஜ் காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"தனக்கோடி, புது செட் புதன்கிழமை வருது. கேமரா எல்லாம் வெச்சது. வண்டி நம்பரை அதுவே படிச்சுக்கும். நீ சும்மா உக்காந்திருந்தா போதும்."

"பழைய சீட்டெல்லாம் புதுசுல வருமா சார்?"

"பழசு எவனுக்கு வேணும்? இருபது வருஷத்துக்கு முன்னாடி எவன் எத்தனை டன் ஏத்தினான்னு தெரிஞ்சு மியூசியமா வெக்கப்போறோம்?"

"அப்ப பழைய பெட்டி?"

"இரும்புக் கடைக்குப் போடு."

"எனக்குக் குடுத்துடுங்க சார்."

மோகன்ராஜ் சிரித்துவிட்டார். "எதுக்குய்யா, கேம் ஆடப்போறியா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ." கண்ணாடி ஏறியது.

பெட்டி கிடைத்துவிட்டது. ஆனால் சாகப்போகிற டிஸ்க்கோடு கிடைத்து என்ன லாபம்? குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் டெபோராவுக்கு போன் போட்டார். வெள்ளத்துக்குப் பிறகு பெட்டியைச் சரி பண்ணிக் கொடுத்தது அவள்தான். கம்ப்யூட்டர் ரிப்பேரில் அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் உண்டு, வாய்க்கும் பெயர் உண்டு.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். டிஸ்க் சத்தத்தை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணா, இது இன்னும் ஓடுறதே கர்த்தர் கிருபை."

"பழசைத் தூக்கிட்டு புதுசு ஒண்ணு போடும்மா. உள்ள கீறதை அப்படியே அதுல மாத்திக் குடு. அது போதும் எனக்கு."

"போடலாம். ஆனா பெருசு போட்டா உங்க பெட்டிக்குப் புரியாது."

"பெருசா இருந்தா நல்லதுதானே?"

"இதுக்கு நல்லது இல்ல. இங்க பாருங்க." பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தாள். "உங்களோடது நாலு ஜிபி. இப்ப ஒரு கல்யாண வீடியோகூட அதுல அடங்காது. இது நாப்பது. கடை முழுக்கத் தேடி, இந்தப் பழைய பட்டை ஒயர் மாட்டுற மாதிரி கிடைச்சதுலயே சின்னது இதுதான்."

மாட்டிக் காட்டினாள். பெட்டி இரண்டு வரி எழுதியது. மூன்றாவது வரியில் டிஸ்க்கைத் தேடுவதாகச் சொன்னது. அப்படியே நின்றது. கீபோர்டைத் தட்டினாலும் அசையவில்லை.

"இன்னாம்மா, பேயறைஞ்சா மாதிரி நிக்குது?"

"டிஸ்க்கோட பேசுறதுக்கு போர்டுல ஒரு கன்ட்ரோலர் இருக்கு, அதுக்கு எண்ணச் சொல்லிக் குடுக்க ஒரு சிப் இருக்கு. செஞ்சது தொண்ணூத்தெட்டுல. அப்ப இவ்வளவு பெரிய டிஸ்க் வரும்னு செஞ்சவன் நினைக்கல. முப்பத்திரண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல போனா குழம்பிப்போய் நின்னுடும்."

தனக்கோடிக்கு இது உடனே புரிந்தது. "நம்ம மேடை மாதிரின்னு சொல்லு. நாப்பது டன்னுக்கு மேல ஏத்தினா நம்பரே காட்டாது, வெறும் கோடு கோடாக் காட்டும்."

"அதே. உங்க மேடையாவது கோடு போடுது. இது அதுவும் இல்ல."

"அப்ப சின்னதா ஒண்ணு வாங்கியா."

"ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைல கேட்டேன். சிரிக்கிறான். இருநூத்தம்பதுக்குக் கீழ இல்லைங்கிறான்."

"பெருசு கேட்டு கிடைக்கலன்னா நாயம் கீது. சின்னது கேட்டாக் கூடவா கிடைக்காது?"

"அதான் கிடைக்காது. ஆனா ஒரு வழி இருக்கு." டிஸ்க்கைத் திருப்பினாள். பின்பக்கம் வரிசையாக ஊசிகள், அதில் இரண்டு ஊசியை மூடினாற்போல அரிசி அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி. "இதுக்குப் பேரு ஜம்பர். இதை இங்கேருந்து எடுத்து இந்தப் பக்கம் மாட்டினா, டிஸ்க் தன்னை முப்பத்திரண்டுதான்னு சொல்லிக்கும்."

"மீதி எட்டு?"

"உள்ளதான் இருக்கும். யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லிடும்."

தனக்கோடி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஆர்.டி.ஓ.வைப் பாத்த ஓவர்லோடு வண்டி!"

தொப்பியை மாற்றி மாட்டியதும் பெட்டி மூன்றாவது வரியைத் தாண்டி நாலாவது வரி எழுதியது. முப்பத்திரண்டு என்று நம்பிவிட்டது. ஆனால் இப்போது பழைய டிஸ்க் எழவில்லை. டக், டக், டக். அணைத்தார்கள், போட்டார்கள். இருபது தடவை பார்த்தாகிவிட்டது. வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி கொதித்தது.

"சூட்டுல எழாது. கழட்டி ஆட்டினா அதோட கதை முடிஞ்சுது" என்றாள் டெபோரா. "காலைல குளிர்ச்சியா இருக்கும்போது உங்களுக்கு எழுந்திருக்குதில்ல? ரெண்டு டிஸ்க்கும் இப்படியே மாட்டினபடி இருக்கட்டும். நாளைக்கு எனக்கு சர்ச், எங்கக்கா பையனுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, அப்புறம் சாப்பாடு. வர முடியாது. நீங்களே பண்ணிடுவீங்களா?"

"எழுத்தெல்லாம் படிப்பேன்மா" என்றார் தனக்கோடி. சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னார்.

"அப்ப ஒண்ணுமே இல்ல. நான் போட்டிருக்கிற சிடி தானா ஓடும். ஃபர்ஸ்ட் டிஸ்க் எதுன்னு கேட்கும், செகண்ட் டிஸ்க் எதுன்னு கேட்கும். செலக்ட் பண்ணி ஒய் அமுக்கிட்டு, கை வைக்காம விட்டுடுங்க. அரை மணி நேரம் ஆகும்."

ஃபர்ஸ்ட் எது, செகண்ட் எது என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. எதிலிருந்து எடுக்கிறோமோ அதுதான் முதல் என்பது கம்ப்யூட்டர் பார்க்கிற யாருக்கும் தெரியும். காலிதான் முதல் என்பது எடை மேடையில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். தெரிந்ததை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

*

ஞாயிறு காலை ஆறரைக்கு டிஸ்க் ஐந்தாவது தடவையில் எழுந்தது. தனக்கோடி முகம் கழுவி, விபூதி பூசி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில் இரண்டு பெயர். ஒன்று நாலு. இன்னொன்று முப்பத்திரண்டு. ஃபர்ஸ்ட் டிஸ்க் எது என்று கேட்டது. காலியாக இருந்தது முப்பத்திரண்டு. அதைத் தேர்ந்தெடுத்தார். செகண்ட் டிஸ்க்? லோடு இருந்தது நாலு. அதையும் தேர்ந்தெடுத்தார். பதினெட்டு வருஷமாக லாரிகளுக்குச் செய்ததைத்தான் செய்தார்.

பெட்டி உடனே ஓடிவிடவில்லை. சிவப்பாக ஒரு வரி போட்டது. தனக்கோடி எழுத்துக்கு எழுத்து கூட்டினார். செகண்ட்... டிஸ்க்... ஸ்மாலர். ஸ்மாலர் என்றால் சின்னது, அவருக்குத் தெரியும். இரண்டாவது டிஸ்க் முதலாவதை விடச் சின்னது என்கிறது, தொடரலாமா என்று கேட்கிறது. உண்மைதானே? நாலு, முப்பத்திரண்டை விடச் சின்னதுதான். இதற்காகத்தானே நேற்றெல்லாம் அலைந்தது! யாருடைய துணையும் இல்லாமல் ஒரு இங்கிலீஷ் வரியை முழுசாகப் படித்துப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் ஒய்யை அமுக்கினார்.

எண் ஓட ஆரம்பித்தது. இருபது, நாற்பது, நூறு. டிஸ்க் ஒரு தடவைகூட நாக்கைச் சொடுக்கவில்லை. டீயைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஆற்றி ஆற்றிக் குடித்தார். ஆயிரத்தைத் தாண்டியது. மேடைத் தகட்டில் வெயில் ஏறியது. ஆயிரத்து ஐந்நூறு.

போன் அடித்தது. டெபோரா. பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"அண்ணா, சர்ச்சுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு. எழுந்துச்சா?"

"ஜம்முனு எழுந்துச்சும்மா. ஓடிக்கினு கீது."

"சூப்பர். கேட்டதுக்கெல்லாம் சரியா குடுத்தீங்கல்ல? ஃபர்ஸ்ட்ல எதைக் குடுத்தீங்க?"

"காலியைத்தான். எப்பவும் காலிதானே முதல்ல?"

டெபோராவின் குரல் மாறியது.

"அண்ணா. ஒயரைப் பிடுங்குங்க."

"இன்னாது?"

"பிளக்கைப் பிடுங்குங்க! இப்பவே! காலியைத் தூக்கி லோடு மேல எழுதிக்கிட்டு இருக்கு, பிடுங்குங்கண்ணா!"

டீ டம்ளர் உருண்டது. தனக்கோடி மேஜைக்கு அடியில் விழுந்து பிளக்கை இழுத்தார். முதுகு எங்கேயோ பிடித்துக்கொண்டது. விசிறி சுற்றி, சுற்றி, நின்றது. அறையில் சத்தம் இல்லை.

"பிடுங்கிட்டேன்" என்றார், தரையில் கிடந்தபடியே.

"கடைசியா எவ்வளவு காட்டுச்சு? நம்பர் பாத்தீங்களா?"

"ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம்."

"ரெண்டாயிரத்தைத் தாண்டல இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தாண்டல. நம்பரு எனக்குத் தப்பாது."

டெபோரா மூச்சு விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தப் பழைய புரோகிராமுக்கு இரண்டு ஜிபிக்கு மேல் ஒரே அறையாகப் பார்க்க வராது. அதனால் நாலு ஜிபி டிஸ்க்கை இரண்டு இரண்டாக, இரண்டு அறையாகத் தடுத்து வைத்திருந்தார்கள். திரையில் ஓடின எண் எம்.பி. கணக்கு, இரண்டாயிரம் வரைக்கும் முதல் அறை. வெள்ளத்துக்குப் பிறகு முதல் அறையில் அங்கங்கே சொத்தை விழுந்ததால், அதற்கப்புறம் வந்த சீட்டையெல்லாம் இரண்டாவது அறையில் எழுதும்படி அவள்தான் மாற்றியிருந்தாள்.

"ரெண்டாவது ரூம் தப்பிச்சிருக்கும். நாளைக்கு வந்து எடுத்துத் தர்றேன்."

"மொத ரூம்பு?"

"அது போச்சுண்ணா. எதுன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் தனக்கோடி.

போனை வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கொட்டின டீ முழங்கை வரைக்கும் வந்து ஆறியது. பூசணிக்காய் வருஷம் முதல் அறையில் இருந்தது.

*

திங்கட்கிழமை மேடை மீட்டரைப் பார்த்து லாரிகளைக் காகிதத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார் தனக்கோடி. சாயங்காலம் வந்த டெபோரா, இரண்டு மணி நேரம் பேசாமல் வேலை பார்த்தாள். வழக்கத்துக்கு விரோதம். புரோகிராமுக்கு அவள் கடையில் ஒரு காப்பி இருந்தது. அதைப் புது டிஸ்க்கில் ஏற்றினாள். பிறகு பழைய டிஸ்க்கிலிருந்து இரண்டாவது அறையை எடுத்து வைத்தாள். பாதி வேலையில் அது இரண்டு தடவை சொடுக்கியது. வேலை முடிந்ததும் நீளமாக ஒரு தடவை கிறீச்சிட்டு ஓய்ந்தது. அப்புறம் அது எழவே இல்லை.

"வந்துடுச்சுண்ணா. ரெண்டாயிரத்துப் பதினாறுலேருந்து எல்லாம் இருக்கு. பாருங்க." வரிசையை ஓட்டிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "இது என்ன வண்டி? மத்ததெல்லாம் நம்பர், இது மட்டும் ஹேமான்னு இருக்கு. தப்பா ஏதாவது கலந்துடுச்சா?"

"அது சரியாத்தான் கீது."

"வருஷத்துக்கு ஒரு தடவை. காலி அறுபது." இன்னும் சிரிப்பு இருந்தது அவள் குரலில். "அறுபது கிலோவுல என்ன லாரி அண்ணா? நிகர எடை அம்பது, அம்பது, நாப்பது, நாப்பது, முப்பது. லோடு வர வர குறைஞ்சிக்கிட்டே..."

"எங்க வூட்டுக்காரம்மா" என்றார் தனக்கோடி.

டெபோரா திரையைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். காசு கேட்கவில்லை, கொடுத்தபோதும் வாங்கவில்லை.

அவள் போனதும் தனக்கோடி அந்த ஐந்து வரியையும் படித்தார். எல்லாம் தெரிந்த வரிதான். ஆனால் எப்போதும் மேலே பத்து வரி இருக்கும். ஐம்பது ஐம்பதாக இறங்கி வரும், நடுவில் அந்த அறுபது சிரிக்கும், அதையெல்லாம் தாண்டி வருகிற கண்ணுக்குக் கடைசி மூன்று வரி பெரிதாகத் தெரியாது. இப்போது மேலே ஒன்றும் இல்லை. ஐம்பதில் ஆரம்பித்து நேராகக் கீழே போகிறது.

முதன்முதலாக நாற்பது காட்டின வருஷம் நினைவுக்கு வந்தது. "உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு, பத்து கிலோவை முழுங்கிடுச்சு பாரு" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். இவரும், "பத்து கிலோ முன்ன பின்ன மேடைக்கு சகஜம்டி" என்றார். அன்றைக்குச் சுண்டலை அவள் சாப்பிடவில்லை, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அதற்கு அடுத்த வருஷமும் மெஷின் நாற்பது என்றது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது கட்டி எலுமிச்சம்பழ அளவைத் தாண்டிவிட்டிருந்தது. இரும்புக்கு மனுஷன் எடை தெரியாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரும்பு சொல்லித்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவர் உலை வைக்கவில்லை.

*

புதன்கிழமை பத்து மணிக்கு புது செட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாட்ட வந்தவர் பெயர் ஷ்யாம்சுந்தர், வேளச்சேரியில் கம்பெனி. கேமரா, பெரிய திரை, விரல் பருமனுக்குப் புது ஒயர்கள். பழைய பெட்டி டிஸ்க் மாற்றின தெம்பில் முதல் தடவையிலேயே எழுந்து சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேடை ஒயர் இன்னும் அதில்தான் இருந்தது.

"எடுத்துடலாமா சார்?"

"ரெண்டே நிமிசம்" என்றார் தனக்கோடி.

ஜன்னல் வழியாகக் கீபோர்டை வெளியே இழுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். தகடு அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. நாலு எழுத்தை அடித்தார். காலியா என்று கேட்டது. என்டர் தட்டினார்.

உள்ளேயிருந்து ஷ்யாம்சுந்தர் குரல் கொடுத்தார். "சார், அறுபது காட்டுது. பதிவாயிடுச்சு. இப்ப லோடுக்கு வெயிட் பண்ணுதுன்னு சொல்லுது. இன்னொரு தடவை வண்டி வரணுமா?"

"வரணும்."

"எப்ப வரும்? நான் ஒயரைக் கழட்டணும் சார்."

தனக்கோடி வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நின்றிருந்தார். பழக்கம். அதைப் பார்த்துவிட்டு, நடுவுக்கு நகர்ந்து நின்றார். எண் மாறவில்லை. வாசலில் கம்பி ஏற்றப்போகிற லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. "யோவ் தனக்கோடி, நீயே மேடையில நின்னா வண்டி எங்க ஏறும்? உன்னையும் எடைக்குப் போட்டுட்டாங்களா?" என்று கத்தினான் டிரைவர்.

"வா வா" என்று இறங்கினார். "நீ கழட்டு தம்பி" என்றார் ஜன்னலைப் பார்த்து.

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பின் அறையில், கட்டிலுக்கு எதிரில் ஒரு பலகை மேல் வைத்தார். முதுகு வலித்தது. பரவாயில்லை, சின்ன லோடுதான்.

மறுநாள் காலை எழுந்ததும் பட்டனை அமுக்கினார். கை பழக்கத்தில் நாலு தடவைக்குத் தயாராக இருந்தது, பெட்டி முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. டக் டக் இல்லை, கிர் இல்லை. இத்தனை அமைதியாக அந்த அறை என்றைக்கும் இருந்ததில்லை. காலையில் பேச்சுக் கொடுக்க அந்தச் சத்தமாவது இருந்தது.

புரோகிராம் எப்போதும் கேட்கிறதைத்தான் கேட்டது. காலியாகப் போய் லோடோடு திரும்பாத வண்டி ஏதாவது இருந்தால் திறந்ததும் முதலில் அதைத்தான் காட்டும். சாயங்காலம் அடைக்கும்போது அப்படி நிற்கிற வண்டிகளைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும், அது மேடையின் சட்டம். பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவர் ராத்தாண்ட விட்டதில்லை.

திரும்பாத வண்டி ஒன்று. ஹேமா. காலி அறுபது. லோடு என்ற இடம் வெறுமையாக இருந்தது. நீக்கிவிடலாமா? ஆம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என்.

தனக்கோடி இந்தத் தடவை இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு என் என்ற எழுத்தை அமுக்கிவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.